கிருமிகளோடு ஒரு சதுரங்கம்

1957ஆம் ஆண்டு மே மாதம். சிங்கப்பூரில் காய்ச்சல் பரவத் தொடங்கியிருந்தது. வகுப்பறைகளில் மாணவர்கள் ஒருவர் பின் ஒருவராகக் காணாமல் போயினர். அலுவலகங்களிலும் துறைமுகத்திலும் வேலைக்கு ஆள் குறைந்தது. மருந்தகங்களின் வாசலில் நீண்ட வரிசை நின்றது. எல்லாருக்கும் ஏறக்குறைய ஒரே அறிகுறிகள்தாம்: திடீர்க் காய்ச்சல், தலைவலி, உடல் வலி, வறட்டு இருமல்.

அப்போது சிங்கப்பூரின் மக்கள்தொகை ஏறக்குறைய 1.45 மில்லியன். பெரும்பாலோர் நகரத்தின் கடைவீடுகளிலும் கம்பங்களிலும் நெருக்கமாக வாழ்ந்தனர். இன்று அடுக்குமாடி வீடுகள் நிறைந்து விளங்கும் பாசிர் ரிஸ், அந்நாளில் கம்பத்து வீடுகளும் கடற்கரையுமாக இருந்த ஒதுக்குப்புறப் பகுதி. எந்தப் பகுதியில் வாழ்ந்தாலும் அந்தக் காய்ச்சலிலிருந்து ஒதுங்கி நிற்பது எளிதாக இல்லை.

நோயாளிகளுள் பெரும்பாலோர் சில நாள்களில் எழுந்து நடமாடினர். ஆனால், எல்லாருக்கும் அப்படி நடக்கவில்லை. சிலருக்கு மூச்சுத் திணறியது; நுரையீரல் அழற்சி வந்தது; சிலர் உயிரிழந்தனர். பரவியது ஒரே நோய்தானா? ஒரே நோய் என்றால், அது ஏன் ஒருவரைத் தொட்டுவிட்டுப் போகிறது, இன்னொருவரை வீழ்த்திவிடுகிறது? இக்கேள்விகளுக்கு விடை தேட வேண்டுமானால், முதலில் அக்கிருமி எது என்பதை அறிய வேண்டும். அந்தப் பணியில் முன்னின்றவர்களுள் ஒருவர், பின்னாளில் பேராசிரியராகப் புகழ்பெற்ற லிம் கோக் ஆன்.

லிம் கோக் ஆன் 1920ஆம் ஆண்டு பிறந்தார். ஸ்காட்லாந்தின் எடின்பரோ நகரில் மருத்துவம் பயின்றார். மருத்துவம் படித்தவர்கள் பலரும் நோயாளிகளைப் பார்க்கும் பணியையே விரும்பிய காலம் அது. அவருடைய மனமோ நுண்ணுயிரியல் பக்கம் சென்றது. கண்ணுக்குத் தெரியாத கிருமிகளைப் பிரித்தெடுத்து, அவற்றின் இயல்பைக் கண்டறிவதே அவருடைய வாழ்நாள் பணியாயிற்று.

அவருக்கு இன்னொரு பெரும் விருப்பமும் இருந்தது. அது சதுரங்கம். இரண்டாம் உலகப் போருக்குப் பின், 1949ஆம் ஆண்டில் அவர் சிங்கப்பூரின் முதல் தேசியச் சதுரங்க வெற்றியாளரானார். அதே ஆண்டில்தான் ஏழாம் எட்வர்ட் மன்னர் மருத்துவக் கல்லூரியும் ராஃபிள்ஸ் கல்லூரியும் இணைந்து மலாயாப் பல்கலைக்கழகம் உருவானது. பகலில் ஆய்வுக்கூடம், ஓய்வு நேரத்தில் சதுரங்கப் பலகை என இரண்டையும் அவர் விடாமல் பற்றிக்கொண்டார்.

1957இல் பல்கலைக்கழகத்தின் நுண்ணுயிரியல் துறையைப் பேராசிரியர் ஹேல் வழிநடத்தினார். அவருடன் லிம்மும் மற்ற ஆய்வாளர்களும் பணியாற்றினர். காய்ச்சல் பரவியதும் அவர்கள் முன் இருந்த வேலை தெளிவானது. ஆனால், எளிதானது அன்று.

சளிக்காய்ச்சல் கிருமி உயிருள்ள செல்லுக்குள் மட்டுமே பெருகும். அதனால், அக்கால ஆய்வுக்கூடங்களில் கருவுற்ற கோழிமுட்டைகளே அதை வளர்க்கும் பாத்திரங்களாகப் பயன்பட்டன. நோயாளி தொண்டையைக் கொப்பளித்த நீரைச் சேகரிப்பார்கள். அதைச் சுத்தப்படுத்தி, முட்டை ஓட்டில் சிறு துளையிட்டு உள்ளே செலுத்துவார்கள். முட்டையை இளஞ்சூட்டில் சில நாள் வைத்திருப்பார்கள். பின்பு உள்ளிருக்கும் நீரை எடுத்துக் கோழியின் சிவப்பணுக்களோடு கலப்பார்கள். சளிக்காய்ச்சல் கிருமி இருந்தால் சிவப்பணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும்.

அதன் பிறகுதான் முக்கியமான சோதனை. ஏற்கெனவே அறிந்த சளிக்காய்ச்சல் வகைகளுக்கு எதிரான சீரத்தை அதனுடன் சேர்ப்பார்கள். பழைய வகைக் கிருமியாக இருந்தால், சீரம் அதைத் தடுத்துவிடும், சிவப்பணுக்கள் ஒட்டிக்கொள்ளமாட்டா. 1957இல் பரவிய கிருமியைப் பழைய சீரங்களால் தடுக்க முடியவில்லை. மனித உடல் பல்லாண்டுகளாகப் பழகியிருந்த சளிக்காய்ச்சலிலிருந்து அது மாறுபட்டிருந்தது. பெரும்பாலான மக்களின் உடலில் அதற்கான எதிர்ப்பாற்றல் இல்லை என்பதே இதன் பொருள். ஊர் முழுவதும் ஒரே நேரத்தில் படுக்கையில் விழுந்ததற்குக் காரணமும் அதுவே.

அந்நோய் அவ்வாண்டின் தொடக்கத்தில் சீனாவில் தலைகாட்டியது. பின்னர் ஹாங்காங்கிற்குப் பரவியது. மக்கள் சீனா அப்போது உலகச் சுகாதார நிறுவனத்தில் இடம்பெற்றிருக்கவில்லை. அதனால், தொடக்க எச்சரிக்கை மற்ற நாடுகளை எட்டவில்லை. சிங்கப்பூரிலிருந்து சென்ற செய்தி, உலகம் விழித்துக்கொள்ள உதவிய முதல் செய்திகளுள் ஒன்று. இங்குப் பிரித்தெடுக்கப்பட்ட கிருமிக்கு, இடத்தையும் ஆண்டையும் குறிக்கும் வகையில் ‘ஏ/சிங்கப்பூர்/1/57’ என்று பெயரிடப்பட்டது. உலகெங்கும் உள்ள ஆய்வுக்கூடங்கள் பல்லாண்டுகள் அக்கிருமியை ஒப்பீட்டுக்குப் பயன்படுத்தின. சிங்கப்பூர்ப் பரவல் குறித்து லிம்மும் ஹேலும் மேலும் இருவரும் எழுதிய கட்டுரை அதே ஆண்டில் ‘லான்செட்’ மருத்துவ இதழில் வெளிவந்தது. ஆசிரியர் பெயர்களில் முதலாவது லிம்முடையது.

‘ஆசியச் சளிக்காய்ச்சல்’ என்று அழைக்கப்பட்ட அந்த நோய் உலகம் முழுவதும் ஒரு மில்லியனுக்கும் மேற்பட்டவர்களின் உயிரைப் பறித்ததாகக் கணிக்கப்பட்டுள்ளது. கிருமி எது என்ற கேள்விக்கு ஆய்வுக்கூடம் விடை தந்துவிட்டது. அது யாரை வீழ்த்துகிறது என்ற கேள்விக்கு மருத்துவமனைகள் விடை தந்தன. பல நாடுகளின் மருத்துவர்களும் ஒரே உண்மையைக் கண்டனர். இதய வால்வு பழுதடைந்தவர்கள், நாள்பட்ட நுரையீரல் நோய் உள்ளவர்கள், நீரிழிவு நோயாளிகள், கருவுற்ற பெண்கள், முதியவர்கள் ஆகியோருக்கே ஆபத்து மிகுதியாக இருந்தது. நல்ல உடல்நலத்தோடு இருந்த இளையர்களும் சிலர் இறந்தனர். ஆயினும், முன்பே ஒரு நோயைச் சுமந்துகொண்டிருந்த உடலில் சளிக்காய்ச்சல் கூடுதல் சுமையாக விழுந்தது.

இது எப்படி நிகழ்கிறது? கிருமி நுழைந்ததும் உடல் போருக்குத் தயாராகிறது. கார்ட்டிசால், அட்ரினலின் போன்ற சுரப்புநீர்கள் மிகுதியாகச் சுரக்கின்றன. அவை ரத்தத்தில் சர்க்கரையின் அளவை உயர்த்துகின்றன. அழற்சியைத் தூண்டும் பொருள்களோ இன்சுலினின் வேலையைத் தடுக்கின்றன. நலமான உடலில் கணையம் கூடுதலாக இன்சுலினைச் சுரந்து இதைச் சமாளித்துவிடும். நீரிழிவு உள்ளவரின் உடலால் அது முடிவதில்லை. அதனால் சர்க்கரை மேலும் ஏறுகிறது. சர்க்கரை மிகுந்த ரத்தத்தில் வெள்ளையணுக்கள் கிருமிகளை விழுங்கி அழிக்கும் திறன் குறைகிறது. ஆக, நோய் சர்க்கரையைக் கூட்டுகிறது. கூடிய சர்க்கரை நோயை எதிர்க்கும் ஆற்றலைக் குறைக்கிறது.

இதற்கிடையே, சளிக்காய்ச்சல் கிருமி மூச்சுக்குழாயின் உட்சுவரைச் சிதைத்துவிடுகிறது. காவல் குலைந்த அந்த வழியே பாக்டீரியாக்கள் நுழைந்து நுரையீரல் அழற்சியை உண்டாக்குகின்றன. 1957இல் நேர்ந்த மரணங்கள் பலவற்றிற்கு இத்தகைய நுரையீரல் அழற்சியே காரணம். இதயத்தின் நிலையும் கடினமானது. காய்ச்சலால் அது விரைவாகத் துடிக்க வேண்டியிருக்கிறது. ஆனால், பழுதுபட்ட நுரையீரலிலிருந்து போதிய உயிர்வளி கிடைப்பதில்லை. கனடாவின் ஒன்டாரியோ மாநிலத்தில் செய்யப்பட்டு 2018இல் வெளியான ஓர் ஆய்வு இதை எண்ணிக்கையால் காட்டியது. சளிக்காய்ச்சல் உறுதிசெய்யப்பட்ட முதல் 7 நாள்களில் மாரடைப்பு வரும் வாய்ப்பு, மற்ற நாள்களைவிட ஏறத்தாழ ஆறு மடங்காக இருந்தது.

1957இல் இந்த விவரங்கள் அனைத்தும் தெரிந்திருக்கவில்லை. ஆனால், அன்று கண்ட உண்மை மருத்துவக் கொள்கையை மாற்றியது. 1960ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பொதுச் சுகாதாரத் துறை, நீரிழிவு, இதய நோய், நுரையீரல் நோய் போன்ற நாள்பட்ட நோய் உள்ளவர்களும் கருவுற்ற பெண்களும் 65 வயதைத் தாண்டியவர்களும் ஆண்டுதோறும் சளிக்காய்ச்சல் தடுப்பூசி போட்டுக்கொள்ள வேண்டும் என்று பரிந்துரைத்தது. ஆசியச் சளிக்காய்ச்சலும் அதைத் தொடர்ந்த ஆண்டுகளும் விட்டுச்சென்ற பாடமே அதற்குக் காரணம்.

சளிக்காய்ச்சல் அடங்கிய அடுத்த ஆண்டே சிங்கப்பூருக்கு மற்றொரு சோதனை வந்தது. 1958இல் முதல் வகைப் போலியோ பரவியது. குழந்தைகளின் கைகால்களை முடக்கும் நோய் அது. வாய்வழி கொடுக்கும் போலியோ மருந்து அப்போது உலகின் பெரும்பகுதிக்குப் புதியது. அதில் இருப்பது வீரியம் குறைக்கப்பட்ட, ஆனால் உயிருள்ள கிருமி. நோய் பரவும் வேளையில் நலமான குழந்தைகளுக்கு அதைக் கொடுக்கலாமா என்பது எளிதில் முடிவு செய்யக்கூடிய கேள்வி அன்று. கொடுக்காவிட்டால் குழந்தைகள் முடமாகலாம். கொடுத்து ஏதேனும் தவறு நேர்ந்தால் மக்களின் நம்பிக்கையே குலைந்துவிடும்.

மருத்துவர் சேபின் உருவாக்கிய இரண்டாம் வகை மருந்து தேர்ந்தெடுக்கப்பட்டது. பரவிக்கொண்டிருந்ததோ முதல் வகைக் கிருமி. ஏன் இந்த மாற்றம்? இரண்டாம் வகை மருந்து பாதுகாப்பானது என்று கருதப்பட்டது. மேலும், அந்த மென்மையான கிருமி குழந்தையின் குடலில் முதலில் இடம்பிடித்துக்கொண்டால், கொடிய கிருமி அங்கு வேரூன்ற முடியாது என்று ஆய்வாளர்கள் எண்ணினர். ஏறத்தாழ 200,000 குழந்தைகளுக்கு அம்மருந்து கொடுக்கப்பட்டது. மருந்து பாதுகாப்பானது என்பது தெளிவாயிற்று. அப்பணியை விளக்கி ஹேல் குழுவினர் எழுதிய கட்டுரையில் துரைசிங்கம், கனகரத்தினம் என்னும் மருத்துவர்களின் பெயர்களும் இடம்பெற்றுள்ளன. பல இன மருத்துவர்கள் சேர்ந்து உழைத்த அத்துறையில் லிம்மும் போலியோ ஆய்வில் ஈடுபட்டார்.

போலியோ கிருமி ‘என்ட்ரோ’ எனப்படும் ஒரு பெரிய குடும்பத்தைச் சேர்ந்தது. அக்குடும்பத்துக் கிருமிகள் சில சாதாரணச் சளியையும் காய்ச்சலையும் தருகின்றன. சில, இன்றும் நம் பாலர் பள்ளிகளில் பரவும் கை, கால், வாய்ப்புண் நோயைத் தருகின்றன. வேறு சில, இதயத் தசையைத் தாக்குகின்றன. அவற்றுள் ‘காக்சாக்கி பி’ என்னும் வகைக்கும், இளம் வயதில் தொடங்கும் முதல் வகை நீரிழிவுக்கும் தொடர்பு உண்டா என்று ஆய்வாளர்கள் பல்லாண்டுகளாக ஆராய்ந்து வருகின்றனர். அறிகுறியை மட்டும் பார்த்து இவற்றைப் பிரித்தறிய முடியாது. ஒவ்வொரு கிருமியையும் அறிய ஒவ்வொரு சீரமாகச் சோதித்துக்கொண்டிருந்தால், விடை கிடைப்பதற்குள் நோயாளி குணமடைந்திருப்பார் அல்லது இறந்திருப்பார்.

இச்சிக்கலுக்கு லிம் கண்ட வழி எளிமையும் நுட்பமும் உடையது. சீரங்களைத் தனித்தனியே சோதிக்காமல், கலவைகளாகச் சேர்த்துச் சோதிப்பது அவருடைய முறை. ஒவ்வொரு சீரமும் எந்தெந்தக் கலவையில் இருக்க வேண்டும் என்பது முன்கூட்டியே திட்டமிடப்படும். ஒரு கிருமியை முதல் கலவையும் நான்காம் கலவையும் மட்டும் தடுத்தால், அவ்விரண்டிலும் பொதுவாக உள்ள சீரம் எது என்று அட்டவணையில் பார்த்தால் போதும். கிருமியின் பெயர் தெரிந்துவிடும். இம்முறையை அவர் மெட்டில்டா பெனிஷ்-மெல்னிக் என்னும் ஆய்வாளருடன் சேர்ந்து 1960ஆம் ஆண்டில் வெளியிட்டார். பின்னாளில் 42 சீரங்கள் 8 கலவைகளாக அமைக்கப்பட்டன. 42 சோதனைகள் செய்ய வேண்டிய இடத்தில் 8 சோதனைகள் போதுமானவையாயின. உலகச் சுகாதார நிறுவனத்தின் வழியாக அக்கலவைகள் பல நாடுகளுக்கும் சென்றன. இருவரின் பெயர்களையும் சேர்த்து ‘லிம் பெனிஷ்-மெல்னிக் கலவைகள்’ என்றே நுண்ணுயிரியலாளர்கள் அவற்றை அழைக்கின்றனர்.

லிம் பல ஆண்டுகள் பேராசிரியராகப் பணியாற்றினார். மருத்துவப் புலத்தின் தலைவராகவும் விளங்கினார். அதே வேளையில், சதுரங்கத்தையும் அவர் கைவிடவில்லை. சிங்கப்பூரில் அவ்விளையாட்டு வளரப் பாடுபட்டார், இளையர்களுக்குக் கற்றுக்கொடுத்தார். 1982 முதல் 1988 வரை அனைத்துலகச் சதுரங்கச் சம்மேளனத்தின் பொதுச் செயலாளராக இருந்தார். அக்காலத்தில்தான் கார்ப்பொவ், காஸ்பரொவ் இருவரும் மோதிய உலக வெற்றியாளர் போட்டி ஐந்து மாதங்களுக்கு மேல் நீண்டது. 48 ஆட்டங்களுக்குப் பிறகும் முடிவு கிடைக்காமல், 1985 பிப்ரவரியில் அது நிறுத்தப்பட்டது. ஆட்டக்காரர்களின் உடல்நலமும் சோர்வும் அதற்குக் காரணமாகக் கூறப்பட்டன. மூளையால் ஆடும் விளையாட்டுக்கும் உடலின் வலிமை தேவை என்பதை உலகம் அன்று கண்டது.

2003ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் லிம் கோக் ஆன் தமது 83ஆம் வயதில் காலமானார். அதே மாதத்தின் முதல் நாளன்று, டான் டோக் செங் மருத்துவமனையில் இளம்பெண் ஒருவர் நுரையீரல் அழற்சியுடன் சேர்க்கப்பட்டிருந்தார். அவருக்கு வந்திருந்தது சார்ஸ் என்பது அப்போது யாருக்கும் தெரியாது. அடுத்து வந்த மாதங்களில் சிங்கப்பூரில் 238 பேரைத் தாக்கிய சார்ஸ், 33 பேரின் உயிரைப் பறித்தது. மீண்டும் ஒரு புதிய கிருமி. மீண்டும் அதே இரண்டு கேள்விகள். கிருமி எது? அது யாரை வீழ்த்துகிறது? சார்ஸிலும், பின்னர் 2020இல் வந்த கொவிட்-19 நோயிலும் நீரிழிவு, இதய நோய் போன்றவை உள்ளவர்களே மிகுதியாகத் துன்புற்றனர். உடல் பருமனும் ஆபத்தைக் கூட்டும் என்பது 2009ஆம் ஆண்டுச் சளிக்காய்ச்சல் பரவலின்போதே தெரியவந்திருந்தது.

லிம் ஆய்வுக்கூடத்தில் பணியாற்றிய காலத்தில் கம்பமாக இருந்த பாசிர் ரிஸ், 1980களில் வீடமைப்புப் பேட்டையாக வளர்ந்தது. இன்று அங்குள்ள பலதுறை மருந்தகத்திற்குத் தாத்தா பாட்டிகள் பலர் வருகின்றனர். ரத்தத்தில் சர்க்கரையின் அளவைச் சோதிக்க வருபவரிடம், சளிக்காய்ச்சல் தடுப்பூசி போட்டாயிற்றா என்று கேட்கிறார்கள். சர்க்கரைக்கும் சளிக்கும் என்ன தொடர்பு என்று அவர் வியக்கலாம். சிங்கப்பூரில் 65 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கும், நீரிழிவு போன்ற நாள்பட்ட நோய் உள்ள பெரியவர்களுக்கும் அத்தடுப்பூசி பரிந்துரைக்கப்படுகிறது. கிருமி தன் வடிவத்தை மாற்றிக்கொண்டே இருப்பதால், ஆண்டுதோறும் தடுப்பூசியும் புதுப்பிக்கப்படுகிறது.

தடுப்பூசி கிருமியை எதிர்கொள்ள உடலைத் தயார்ப்படுத்துகிறது. மாலையில் பாசிர் ரிஸ் பூங்காவில் நடக்கும் நடையும், சர்க்கரை குறைந்த பானமும், தவறாமல் உட்கொள்ளும் மருந்தும் அந்த உடலை வலுவாக வைத்திருக்கின்றன. இரண்டும் வேண்டும். சிங்கப்பூர் 2016ஆம் ஆண்டில் நீரிழிவுக்கு எதிரான போரை அறிவித்தபோது, கண்ணையும் சிறுநீரகத்தையும் காலையும் காப்பது பற்றியே பலரும் பேசினர். அடுத்த காய்ச்சல் பரவும் நாளில் உயிரைக் காப்பதும் அதில் அடங்கியிருக்கிறது.

அடுத்த ஆட்டத்தில் எந்தக் கிருமி வரும் என்பதை யாராலும் முன்கூட்டிச் சொல்ல முடியாது. வந்தபின் அதை விரைவாக அடையாளம் காண முடியும் என்பதைத் தம் உழைப்பால் காட்டியவர் லிம் கோக் ஆன். அது வரும் நாளில் நம் உடல் எந்த நிலையில் இருக்கும் என்பது பெருமளவு நம் கையில்தான் உள்ளது.